தகரக் கூரைக்குக் கீழே ஒரு கேமிங் லப்டொப்: விசுவமடுவிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

போன ஆடி மாதம், சோளகம் மும்முரமாக வீசிக்கொண்டிருந்த ஒரு பின்நேரம். விசுவமடுப் பக்கத்துத் தம்பி ஒருவர், கிளிநொச்சியில் நான் லப்டொப் திருத்தும் இடத்துக்கு வந்தார். பழைய துவாயில் சுற்றிக் கொண்டுவந்ததை மேசையில் வைத்துவிட்டு, தண்ணீர் குடித்த பிறகுதான் கதைக்கத் தொடங்கினார்.

“அண்ணை, கேம் தொடங்கிப் பத்து நிமிசத்தில இழுக்கத் தொடங்குது. ரெண்டு தரம் தானா நிண்டும் போட்டுது. கிராபிக்ஸ் சிப் செத்துப்போச்சு, போர்ட் மாத்தவேணும் எண்டு ஒரு இடத்தில சொன்னவை.”

போர்ட் (மெசினின் சிப்புகள் எல்லாம் பொருந்தியிருக்கும் பெரிய பலகை) மாற்றுவதற்கு அவரிடம் கேட்ட தொகை, அந்த லப்டொப்பைக் கொழும்பில் பாவித்த பொருளாக அவர் வாங்கிய விலையில் பாதிக்கு மேல். அவர் கல்யாண வீட்டு வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பவர். இரவில் விளையாடுவதும் அதே மெசினில்தான். விளையாட்டு நின்றால் பொறுத்துக்கொள்ளலாம்; எடிட் செய்த வீடியோவைக் கோப்பாக்கும் எக்ஸ்போர்ட் நடுவில் நின்றால் மணவீட்டாருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இந்த ஒரு மெசினைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. அறிவியல் நகரில் இருக்கும் பொறியியல் பீட மாணவர்கள், வவுனியாவில் படிப்பவர்கள், வீடியோ வேலை செய்பவர்கள் என்று வன்னியில் இப்போது பலரிடம் கேமிங் லப்டொப் இருக்கிறது. அவர்களில் நிறையப் பேர் இதே முறைப்பாட்டுடன் வருகிறார்கள். “சிப் போய்விட்டது” என்று சொல்லப்பட்ட மெசின்களில், என் கைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு சிப் நல்லாகவே இருந்தது. பிழை வேறு இடத்தில் இருந்தது. அந்த வேறு இடத்தை எப்படித் தேடுவது என்பதைத்தான் சொல்லப் பார்க்கிறேன்.

மெசின் 2021ஆம் ஆண்டு மாதிரி. இன்டெல் கோர் ஐ7-11800எச்: 8 கோர், 16 த்ரெட், அடிப்படை வேகம் 2.3 கிகாஹேர்ட்ஸ், உச்ச வேகம் 4.6. கிராபிக்ஸ் என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060, 6 ஜிபி. ராம் 16 ஜிபி. திரை 144 ஹேர்ட்ஸ். இந்த இன்டெல் சிப்புக்குத் தயாரிப்பாளர் கொடுத்த வெப்ப எல்லை 100 பாகை செல்சியஸ். அதைத் தொட்டால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கும். லப்டொப்பில் வரும் 3060 சிப்பை 60 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் தயாரிப்பாளர்கள் பொருத்தலாம். இந்த மெசினில் அது உச்சத்துக்கே விடப்பட்டிருந்தது. ஒரே பெயருள்ள இரண்டு மெசின்கள் வேகத்தில் வித்தியாசப்படுவதற்கு இந்த வாட் கணக்கும் ஒரு காரணம். வாங்கும்போது சிப்பின் பெயரோடு வாட்டையும் கேளுங்கள்.

மேசையில் இல்லாத நோய்

பின்நேரம் ஆறரை மணிக்கு என் மேசையில் முதல் சோதனையைச் செய்தேன். மேசையில் சின்ன வெப்பமானி ஒன்று எப்போதும் இருக்கும். அது 29 பாகை காட்டியது. சூட்டையும் வேகத்தையும் அளந்து காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து, அளவுகளைக் கோப்பில் பதியவிட்டு, தம்பி வழமையாக விளையாடும் கார் ஓட்டும் விளையாட்டை அவரையே அரை மணி நேரம் ஓட்டச் சொன்னேன். சிபியு, அதாவது அந்த இன்டெல் சிப், 97 பாகை, கிராபிக்ஸ் 82. செக்கனுக்குச் சராசரி 92 ஃபிரேம், அதாவது திரையில் வரையப்படும் படங்கள். சூடு கூடத்தான். ஆனால் இழுக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை.

தம்பியின் முகம் வாடிவிட்டது. “வீட்டில மட்டும்தான் அண்ணை செய்யுது” என்றார், நான் நம்பமாட்டேன் என்று பயந்தவர்போல. நான் நம்பினேன். திருத்துகிற நாங்கள் அடிக்கடி விடும் பிழை இது: எங்கள் மேசையில் வராத நோயை இல்லாத நோய் என்று எழுதிவிடுகிறோம். மெசின் எந்த அறையில் வேலை செய்கிறதோ, அந்த அறையும் மெசினின் ஒரு பகுதி. அடுத்த நாள் மத்தியானம் வெப்பமானியையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. அதன் பக்கச் சுவரோடு சேர்த்து இறக்கிய ஒரு பத்திதான் தம்பியின் வேலை அறை. மேலே வெறும் தகரம், ஒரு யன்னல். யன்னலுக்கு வெளியே கிரவல் வீதி. நெல் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று போனால், செம்புழுதி யன்னல் வழியாக உள்ளே வந்து இறங்குவது கண்ணுக்குத் தெரியும். மேசையில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு. அதன்மேல் இரண்டு ஃபான் உள்ள கூலிங் பாட், அதன்மேல் லப்டொப், பின்பக்கம் சுவரை முட்டியபடி. பின்னால் வெளியேறும் சூடான காற்று சுவரில் அடித்துத் திரும்பி, அடியால் மறுபடி உள்ளே போய்க்கொண்டிருந்தது. கூலிங் பாட்டின் ஃபான்கள் நடுவில். லப்டொப்பின் காற்று உறிஞ்சும் துளைகளோ இரு ஓரங்களில். அந்தப் பாட் நல்ல எண்ணத்தில் வாங்கியது, ஆனால் வெறும் பிளாஸ்டிக்குக்குத்தான் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் இரண்டு மணி. அறை 37 பாகை. நேற்று ஓட்டிய அதே விளையாட்டு. மூன்றாவது நிமிடத்தில் சிபியு 100 பாகையைத் தொட்டது. பத்தாவது நிமிடத்தில் சிபியு வேகம் 2.5 கிகாஹேர்ட்ஸுக்கு இறங்கியிருந்தது. கிராபிக்ஸ் 87 பாகையில் முட்டி, 105 வாட்டில் தொடங்கியது 70 வாட்டுக்குச் சுருங்கியது. தொடக்கத்தில் 105 ஃபிரேம், பதினைந்தாவது நிமிடத்தில் 58. இடையிடையே 30க்கும் கீழே விழுந்தது. அந்த விழுதலைத்தான் தம்பி “இழுக்குது” என்று சொல்லியிருக்கிறார்.

எட்டுப் பாகையின் கணக்கு

மேசையில் 29, வீட்டில் 37. வித்தியாசம் எட்டுப் பாகைதான். அதற்கு இவ்வளவா என்று கேட்கலாம்.

லப்டொப்பின் ஃபானும் செப்புக் குழாய்களும் சூட்டை அழிப்பதில்லை. சிப்பிலிருந்து எடுத்து அறைக் காற்றுக்குக் கொடுக்கின்றன, அவ்வளவுதான். ஆகவே சிப் எப்போதும் அறையை விட இத்தனை பாகை மேலே என்ற கணக்கில்தான் நிற்கும். அந்த இடைவெளியைத் தீர்மானிப்பது எத்தனை வாட் எரிகிறது என்பதும், குளிர்விக்கும் பகுதி எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது என்பதும். அறை எட்டுப் பாகை ஏறினால் சிப்பும் ஏறத்தாழ எட்டுப் பாகை ஏறும். இதை எந்த மென்பொருளாலும் மாற்ற முடியாது.

யூடியூபில் வரும் பரிசோதனைகளைப் பார்த்து வாங்குகிறோம். அவை பெரும்பாலும் ஏசி போட்ட, 22 பாகை அளவு அறையில் எடுத்தவை. அங்கே சிபியு 85 பாகை என்று காட்டிய மெசின், எங்கள் 36 பாகை அறையில் 99க்கு வந்து நிற்கும். அங்கே 92 காட்டியது இங்கே 106க்குப் போகப் பார்க்கும். 100ஐத் தாண்ட விடமாட்டாது. அதனால் வேகத்தை வெட்டும். மெசினில் பழுது எதுவும் தேவையில்லை. வன்னியின் ஆடி மாத மத்தியானம் ஒன்றே போதும்.

இந்த லப்டொப்புக்கு அதற்கு மேலும் சில பிழைகள் இருந்தன.

நின்று போனது சூட்டால் அல்ல

அந்த மத்தியானப் பதிவில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. சார்ஜர் செருகியபடியே இருக்க, அரை மணி நேரத்தில் பற்றரி 100 சதவீதத்திலிருந்து 84க்கு இறங்கியிருந்தது. சில கேமிங் லப்டொப்புகள் உச்ச வேலையில் பற்றரியிலிருந்தும் கொஞ்சம் எடுக்கும். ஆனால் இது அதிகம். அடாப்டரைக் கவிழ்த்துப் பார்த்தேன்: 20 வோல்ட், 8.5 அம்பியர். பெருக்கினால் 170 வாட். லப்டொப்பின் அடியில் ஒட்டியிருந்த தாளில் 20 வோல்ட், 11.5 அம்பியர். அதாவது 230 வாட். முனை ஒரே மாதிரி, செருகினால் பொருந்தும், சார்ஜும் ஏறும். வாங்கின நாளிலிருந்து தம்பி தவறான அடாப்டரில்தான் விளையாடியிருக்கிறார்.

தானாக நின்ற இரண்டு தடவையும் எப்போது என்று கேட்டேன். இரண்டும் இரவு எட்டு மணியளவில். அந்த நேரத்தில் அங்கே வோல்டேஜ் விழும். அன்றிரவு பொறுத்திருந்து மீற்றர் வைத்துப் பார்த்தபோது, 230 இருக்க வேண்டிய இடத்தில் 188 வோல்ட். லப்டொப் அடாப்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்குபவை, ஆகவே 188 தனியே குற்றவாளி இல்லை. ஆனால் வோல்டேஜ் குறையும்போது அதே வாட்டைக் கொடுக்க அடாப்டர் கூடிய மின்னோட்டத்தை இழுக்கும், கூடுதலாகச் சூடாகும். ஏற்கெனவே அளவுக்கு மீறி உழைக்கும் 170 வாட் அடாப்டர், சூடான அறையில், கட்டிலில் மெத்தைமேல் கிடந்தால், தன் பாதுகாப்புக்காக வெளியீட்டை வெட்டிவிடும். அந்த நேரம் பற்றரியும் களைத்திருந்தால் மெசின் பட்டென்று இருட்டாகும். விண்டோஸ் பதிவில் “மின்சாரம் எதிர்பாராமல் நின்றது” என்ற குறிப்பு மட்டும் இருக்கும். அது என்ன காரணம் என்று சொல்லாது. பலர் அதைப் பார்த்துவிட்டு போர்ட்டில் குற்றம் சாட்டுகிறார்கள்.

சரியான 230 வாட் அடாப்டரைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தோம். அதை மெத்தையில் போடாமல் சீமெந்து நிலத்தில் வைக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு தடவையும் தானாக நிற்கவில்லை. ஒரு முறைப்பாட்டுக்குள் இரண்டு நோய்கள் இருந்தன. சூட்டை மட்டும் துரத்தியிருந்தால் இரண்டாவது தப்பியிருக்கும்.

அடி மூடியைக் கழற்றியபோது

மெசினை மறுபடி கிளிநொச்சிக்குக் கொண்டுவந்து அடி மூடியைக் கழற்றினேன். முதல் வேலை, பற்றரி இணைப்பைக் கழற்றுவது. அதைச் செய்யாமல் உள்ளே உலோகக் கருவி எதையும் கொண்டுபோகக் கூடாது. திருகாணிகள் வேறுவேறு நீளம். எது எந்தத் துளை என்று கடதாசியில் படம் கீறி, அதிலேயே குத்தி வைப்பது என் பழக்கம்.

ஃபான் இதழ்களில் செம்புழுதி ஒரு பூச்சாக இருந்தது. அது பெரிய விஷயமில்லை. உண்மையான அடைப்பு, ஃபானுக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையில். பஞ்சும் புழுதியும் நெல் சுணையும் சேர்ந்து இறுகி, கம்பளித் துண்டுபோல ஒரு படலம். வெளியே இருந்து டோர்ச் அடித்தால் தெரியாது. வெளியிலிருந்து காற்று ஊதினாலும் உள்ளே நகருமே தவிர வெளியே வராது. ஃபானைக் கழற்றினால்தான் கைக்கு வரும். வயல் பக்கத்து வீடுகளில் இந்தப் படலம் ஒவ்வொரு போகம் வெட்டின கையோடும் தடிக்கிறது. கொழும்பில் மாடி வீட்டில் இருக்கும் லப்டொப்பை வருடத்துக்கு ஒரு தடவை துப்புரவாக்கினால் போதும் என்று சொல்வார்கள். எங்களுக்குக் காலபோக வெட்டுக்குப் பிறகு ஒரு தடவை, சிறுபோக வெட்டுக்குப் பிறகு ஒரு தடவை என்று வைத்துக்கொள்வது சரியாக வரும்.

ஊதும்போது ஃபான் இதழை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். புளோவர் காற்றில் அது தன் அளவுக்கு மீறிச் சுழன்றால் பெயரிங் கெட்டுவிடும். வீட்டில் தரை பெருக்கும் வக்கூம் கிளீனரை உள்ளே விடாதீர்கள். நிலைமின் ஆபத்து இருக்கிறது.

அடுத்தது பேஸ்ட், சிப்பின் சூட்டைச் செப்புப் பகுதிக்குக் கடத்த இரண்டுக்கும் இடையில் பூசும் பசை. கிராபிக்ஸ் சிப்பில் சராசரிச் சூட்டுக்கும் மிகச் சூடான புள்ளிக்கும் இடையில் 22 பாகை வித்தியாசம் முதல் நாளே பதிவில் தெரிந்தது. நல்ல நிலையில் இது பத்துப் பன்னிரண்டு அளவில் இருக்கும். இவ்வளவு விரிந்தால் சிப்பின் முகத்தில் பேஸ்ட் சமமாக இல்லை என்று அர்த்தம். கழற்றிப் பார்த்தபோது அப்படியேதான்: நடுப்பகுதி கிட்டத்தட்ட வெறுமை, ஓரங்களில் பழைய பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்புபோல. சூடாகி விரிந்து, குளிர்ந்து சுருங்கும் ஒவ்வொரு தடவையும் பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. அதிகம் சூடாகும் எங்கள் பக்கத்தில் இது கெதியாக நடக்கும்.

ஐசோபுரொப்பைல் அற்ககோலால் துடைத்துவிட்டு, சாதாரண பேஸ்டுக்குப் பதிலாக ஹனிவெல்லின் பிடிஎம்7950 தாளை வைத்தேன். அறை வெப்பத்தில் அது மெல்லிய தாள், 45 பாகை அளவில் இளகிச் சிப்பின் முகத்தில் படியும். பேஸ்ட்போல வெளியே தள்ளுப்படுவது மிகக் குறைவு. முதல் சில தடவை சூடாகி ஆறிய பிறகுதான் அதன் முழுப் பலன் தெரியும், ஆகவே முதல் நாள் அளவைப் பார்த்து ஏமாறத் தேவையில்லை. தம்பி திரவ உலோகம் போடச் சொல்லிக் கேட்டார், நான் மறுத்துவிட்டேன். அதில் இருக்கும் காலியம் அலுமினியத்தை அரிக்கும். மின்சாரத்தையும் கடத்தும். கிரவல் வீதியில் மோட்டார் சைக்கிளில் குலுங்கிக்கொண்டு போகும் ஒரு மெசினுக்குள், சிந்தினால் போர்ட்டையே சுடக்கூடிய ஒன்றை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ராம் சிப்புகளின் மேல் இருந்த தேர்மல் பாட்கள் (சூடு கடத்தும் மெத்தென்ற துண்டுகள்) கிழியாமல் இருந்தன, தொடவில்லை. மாற்றுவதென்றால் அதே தடிப்பு வேண்டும். முன்பு ஒரு மெசினில் 1 மில்லிமீற்றர் இருந்த இடத்தில் 1.5 வைத்தேன்; சூட்டை வாங்கும் உலோகப் பகுதியான ஹீட்சிங்க் சிப்பில் சரியாக அமரவில்லை. முழு வேலையையும் திருப்பிச் செய்ய வேண்டி வந்தது.

மெசினைத் திருப்பி அவர் அறைக்கே கொண்டுபோனோம். பிளாஸ்டிக் விரிப்பை எடுத்து, லப்டொப்பின் பின்பக்கத்தை இரண்டு மரக்கட்டைகளில் மூன்று சென்ரிமீற்றர் உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். மத்தியானம், அறை 36 பாகை, அதே விளையாட்டு: சிபியு 91, கிராபிக்ஸ் 79, சராசரி 95 ஃபிரேம். தம்பி சந்தோசத்தில் எழும்பி அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா வந்து திரையைப் பார்த்துவிட்டு, “தம்பி, இனி அந்த விமானச் சத்தம் வராதோ?” என்று என்னிடம் கேட்டார். ஃபான் சத்தம் இன்னும் அப்படியேதான் இருந்தது. வேலை முடியவில்லை என்று எனக்கும் தெரிந்தது.

வாட்டைக் குறைத்து வேகத்தைக் காப்பாற்றுதல்

சிப் எரிக்கும் சக்தி, அதன் வேகத்தோடு நேராகவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. உச்ச வேகத்தின் கடைசி இருநூறு முந்நூறு மெகாஹேர்ட்ஸுக்காகச் சிப் நிறைய மின்னழுத்தம் கேட்கும். அங்கேதான் சூடு வீணாகப் பிறக்கிறது. ஒரு கணக்குப் பாருங்கள்: 0.95 வோல்ட்டில் 1780 மெகாஹேர்ட்ஸில் ஓடும் சிப்பை 0.80 வோல்ட்டில் 1600க்கு இறக்கினால், வேகம் பத்து சதவீதம் குறைகிறது, அந்தப் பகுதியின் சக்தியோ ஏறத்தாழ 36 சதவீதம் குறைகிறது. ராம், மின்சாரம் பிரிக்கும் பகுதிகள் எல்லாம் அப்படிக் குறையாது என்பதால் முழு அட்டையிலும் இவ்வளவு கிடைக்காது. ஆனாலும் இவ்வளவு மலிவான மாற்றம் வேறு இல்லை.

கிராபிக்ஸ் சிப்பின் அமைப்புகளை மாற்றும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் மென்பொருளில் மின்னழுத்த வளைகோட்டைத் திறந்து அதைத்தான் செய்தேன். 0.80 வோல்ட்டுக்கு மேலே கோட்டை மட்டமாக்கி, 1600 மெகாஹேர்ட்ஸில் நிறுத்தினேன். முதலில் 1680க்கு வைத்துப் பார்த்தேன். நாற்பது நிமிடத்துக்குப் பிறகு விளையாட்டு மூடிக்கொண்டது. ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு மாதிரி, ஆகவே மற்றவரின் எண்ணை அப்படியே போடாமல், கீழே தொடங்கி மேலே வர வேண்டும். கிராபிக்ஸ் 105 வாட்டிலிருந்து 80க்கு வந்தது.

சிபியுவுக்கு இந்த வழி கிடைக்கவில்லை. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்த பிறகு பல தயாரிப்பாளர்கள் சிபியு மின்னழுத்தத்தைத் தொடும் வழியைப் பயோஸில் (மெசினைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) பூட்டிவிட்டார்கள். இந்த மெசினும் அப்படித்தான். அதனால் துரொட்டில்ஸ்டொப் மென்பொருளில் சக்தி எல்லையைப் பிடித்தேன்: நீடித்த வேலைக்கு 45 வாட், சிறிது நேர உச்சத்துக்கு 60 வாட், உச்ச வேகம் 3.8 கிகாஹேர்ட்ஸ். பெரும்பாலான கேமிங் லப்டொப்புகளில் சிபியுவும் கிராபிக்ஸும் ஒரே செப்புக் குழாய்களைப் பங்கு போடுகின்றன. சிபியு தேவையில்லாமல் எரிக்கும் ஒவ்வொரு வாட்டும் கிராபிக்ஸின் இடத்தைப் பிடிக்கிறது. விளையாட்டுகளில் பெரும்பாலும் வேலை கூடியது கிராபிக்ஸுக்கு. ஆகவே சிபியுவை அடக்கினால் விளையாட்டு நன்மை அடையும்.

விண்டோஸ் பவர் அமைப்பில் சிபியு அதிகபட்சத்தை 99 சதவீதம் ஆக்கச் சொல்லி ஒரு ஆலோசனை எங்கும் உலாவுகிறது. அது ரேர்போவை, அதாவது அடிப்படை வேகத்துக்கு மேலே போகும் வேகத்தை, முழுதாக நிறுத்துகிறது. இந்தச் சிப் அப்போது 2.3 கிகாஹேர்ட்ஸுக்கு மேல் போகாது. சூடு விழும், உண்மைதான். வீடியோ எக்ஸ்போர்ட்டும் சேர்ந்து விழுந்துவிடும். அவசரத்துக்கு ஒரு நாள் செய்யலாம், நிரந்தரமாக வேண்டாம்.

கடைசியாக என்விடியா கட்டுப்பாட்டுப் பலகத்தில் ஃபிரேம் எல்லையை 90 ஆக்கினேன். விளையாட்டின் மெனுவில் நிற்கும்போதுகூட மெசின் 140 ஃபிரேம் வரைந்து சூடாகிக்கொண்டிருந்தது; அது நின்றது.

இரண்டு மணி, அறை 36 பாகை, ஒரு மணி நேர ஓட்டம். சிபியு 78. கிராபிக்ஸ் 70. ஃபிரேம் 90இல் கோடு போட்டதுபோல நின்றது. மோசமான தருணங்களின் அளவு, முன்பு 30க்குக் கீழே விழுந்தது, இப்போது 74க்குக் கீழே போகவில்லை. சிபியு சூடு 20 பாகைக்கு மேல் இறங்கியும் விளையாட்டு முன்பைவிட நன்றாக ஓடுகிறது, ஏனென்றால் முன்பு கிடைத்த உச்ச வேகம் மூன்று நிமிடத்துக்கு மட்டும்தான். ஃபான் சத்தமும் குறைந்தது. நாற்பது நிமிடக் கல்யாண வீடியோ எக்ஸ்போர்ட் ஆக முன்பு 52 நிமிடம் எடுத்தது, இப்போது 41.

எவ்வளவு சூடு பாதுகாப்பு என்று எல்லோரும் கேட்பார்கள். இன்டெல் சொல்லும் 100, சிப் உடனே கருகும் எல்லை அல்ல. 90க்கு மேலே நெடுநேரம் ஓடுவதால் அடி வாங்குவது அயலில் இருப்பவை: பேஸ்ட், கொண்டென்சர்கள், ஃபான் பெயரிங், முக்கியமாகப் பற்றரி. கொண்டென்சர்களுக்குப் பத்துப் பாகை கூடினால் ஆயுள் பாதி என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. லித்தியம் பற்றரியை 45 பாகைக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்பது வழமையான எல்லை. எங்கள் அறை மட்டும் 37 என்றால் அந்த எல்லை வெகு தூரத்தில் இல்லை. நான் வைக்கும் இலக்கு, மத்தியான அறையில் நீண்ட ஓட்டத்தில் சிபியு 85க்குள், கிராபிக்ஸ் 78க்குள். பற்றரியை எப்போதும் செருகி வைப்பவர்கள், தயாரிப்பாளரின் மென்பொருளில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பைப் போட்டுவிடுங்கள். சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் பற்றரி வீங்கும். தம்பியின் பற்றரி வீங்கவில்லை, ஆனால் கொள்ளளவில் நான்கில் ஒரு பங்கு போயிருந்தது.

கிடுகு

நான் செய்த எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த தம்பியின் அப்பா, “தகரத்துக்கு மேல கிடுகு போட்டா?” என்று கேட்டார். போடுங்கள் ஐயா, காற்றுக்குப் பறக்காமல் கட்டிப் போடுங்கள் என்றேன். அடுத்த கிழமை தகரத்தின் மேல் இரண்டு அடுக்குக் கிடுகு, கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தது. அதே மாதிரி வெயில் நாள் ஒன்றில் இரண்டு மணிக்கு அறை 33 பாகை. நான்கு பாகை அறையில் குறைந்தால் நான்கு பாகை சிப்பிலும் குறையும் என்று முன்பு எழுதினேன், அப்படியே குறைந்தது. வெயில் நேராகத் தகரத்தில் விழாவிட்டால், தகரம் இரவு ஒன்பது மணி வரை கீழே சூடு கக்காது.

எக்ஸ்போர்ட் வேலைகளை விடிய நாலு மணிக்கு ஓடும்படி வைக்கச் சொன்னேன். அந்த நேரம் அறை 27. மத்தியானம் இருபது பாகை குறைக்க நாங்கள் பட்ட பாட்டில் பத்துப் பாகை, நேரத்தை மாற்றினால் சும்மா கிடைக்கிறது. வோல்டேஜும் அப்போது நேராக இருக்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாக நிறுத்தச் சொன்னேன். முன்பு சில நாட்கள் அவர் ஐஸ் போத்தலைத் துணியில் சுற்றி லப்டொப்பின் அடியில் வைத்திருக்கிறார். குளிர்ந்த உலோகத்தில் காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியும். அது போர்ட்டில் இறங்கினால், இல்லாத பழுது உண்மையாகவே வந்துவிடும். மாரி தொடங்கும் ஐப்பசியில் இடி மின்னல் கூடும்போது சார்ஜரையும் ரவுட்டரின் கம்பியையும் கழற்றி வைப்பதையும் அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

மாசியில், காலபோக நெல் வெட்டி முடிந்த பிறகு, அவர் மறுபடி வந்தார். முறைப்பாடு இல்லை, நான் சொன்ன தவணைக்கு வந்தார். அளவுகள் பதிந்த கோப்பைத் திறந்து பார்த்தோம். அறைச் சூட்டைக் கழித்துப் பார்த்தால், ஆவணியில் இருந்ததைவிடக் கிராபிக்ஸ் ஐந்து பாகை கூடியிருந்தது. சிப்பின் சூடான புள்ளி வித்தியாசம் 11, மாறவில்லை, ஆகவே தாளில் பிழை இல்லை. ஃபானைக் கழற்றினால் அதே கம்பளிப் படலம், இந்த முறை மெல்லியதாக, நெல் சுணையோடு. இருபது நிமிடத்தில் துப்புரவாக்கிப் பூட்டிக் கொடுத்தேன். அவர் அங்கேயே செருகி ஓட்டிப் பார்த்துவிட்டு, துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அன்றிரவு ஒரு கல்யாண வீட்டு வேலை இருந்ததாம்.